ஏழு கிளிக்

மச்சான்,

உன் காலுறைக்குள் வண்டு வந்துவிட்டது. இன்று காலை, சுட்டுப் பழகுகிற றேஞ்சில் பையைத் திறந்து, துவக்கின் பிடிக்குக் கீழே நீ வைக்கிற அந்தச் சாம்பல் நிறக் காலுறையை எடுத்து மேசையில் வைத்தேன். இழைகளுக்கிடையில் மூன்று நாலு கறுப்புப் புள்ளிகள் நடந்து திரிந்தன. உள்ளே நீ நிரப்பித் தைத்த சிவப்புப் பச்சையரிசி. கடையில் இதற்கென்று பை விற்கிறதே என்று நான் கேட்டதற்கு, "அரிசியில வைச்சா துவக்கு தன்ர பாட்டில படுத்துக்கொள்ளும்" என்றாய். இப்போது தட்டினால் மா பறக்கிறது. பக்கத்து மேசை வெள்ளைக்காரன் இரண்டு தரம் தும்மிவிட்டு என்னைப் பார்த்தான். நான் காலுறையைப் பார்த்தேன்.

எறிய மனம் வரவில்லை. வண்டோடேயே வைத்துச் சுட்டேன். சுட்டு முடித்து இப்போது வானுக்குள் வந்து, ஸ்டியரிங்கின் மேல் கொப்பியை வைத்து இதை எழுதுகிறேன். துவக்கு பையோடு பக்கத்துச் சீற்றில் இருக்கிறது. அதற்குப் பெல்ற் போட்டிருக்கிறேன். சிரிக்காதே. ஏன் போட்டிருக்கிறேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன் கடைசி மான் விசயத்தில் நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யோடு உன்னை அனுப்பிவிட்டேன். நீ இருக்கும்போது சொல்லப் பயம். நீ போய்ப் பதினொரு மாதம் ஆகியும் இந்தப் பேனை பிடித்த கை வியர்க்கிறது. என்னை உனக்குத் தெரியும்தானே, பயந்துகொண்டே வாழ்ந்த ஆள் நான். ஆனபடியால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்த ஆட்கள் நாங்கள். ஐம்பது தாண்டியபிறகு போம் நிரப்பி, பொலிசைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, அதே சாமானை வீட்டுக்குள் கொண்டுவந்து பூட்டி வைத்தோம் என்றால் ஆர் நம்புவார்கள். என் மனுசி இன்றைக்கும் நம்பவில்லை. எல்லாம் உன்னால் வந்தது. நீ பொயிலர் வேலை, நான் கறண்ட் வேலை, ஒரே வானில் பத்து வருசம். லண்டனுக்கு வெளியே சரேப் பக்கத்துப் பண்ணை வீடு ஒன்றில் பொயிலர் பழுதென்று போன இடத்தில், பண்ணைக்காரி தன் அப்பிள் கன்றுகளின் பட்டையை எல்லாம் மான் உரித்துத் தின்கிறது என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டு நின்றாள். நீ தலையைப் பொயிலருக்குள் வைத்தபடியே, "எனக்கு மான் சுடத் தெரியும்" என்று இங்கிலிசில் சொன்னாய். நான் பிடித்துக்கொண்டு நின்ற ரோச் லைற் கீழே விழுந்தது.

லண்டனுக்கு வருமுன் நோர்வேயில் பதினாலு வருசம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தாய் என்று தெரியும். அங்கே ஆணும் பெண்ணும் இலையுதிர்காலத்தில் வேட்டைக்குப் போவார்கள், நீயும் போனாய் என்பது அன்றைக்குத்தான் தெரியும். வருசா வருசம் மான் படத்தில் சுட்டுக் காட்டாவிட்டால் காட்டுக்குள் விடமாட்டார்களாம். "அது சனியன் பிடிச்ச குளிர் மச்சான், ஆனா சுடேக்க மட்டும் எனக்கு ஒரு யோசினையும் வராது" என்றாய். ஊரைப் பற்றிய யோசினையா என்று நான் கேட்கவில்லை.

எனக்கோ யோசினையைத் தவிர வேறொன்றும் வராது. வந்த புதிதில் குரோய்டனில் அகதிகளை விசாரிக்கிற அந்தப் பெரிய கட்டிடத்தில் ஒரு அதிகாரி, மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ எப்போதாவது ஆயுதம் தொட்டிருக்கிறாயா என்று என்னைக் கேட்டான். இல்லை என்றேன். உண்மைதான் சொன்னேன். ஆனால் அந்த "இல்லை" எங்கேயோ ஒரு பைலில் கிடக்கிறது, துவக்குக்கு விண்ணப்பித்தால் அதைத் தூசு தட்டி எடுத்து, அப்ப இது என்ன என்று கேட்பார்கள் என்று நான் போமை நிரப்பாமல் வைத்திருந்தேன். "உன்ர பைலை அவங்கள் துலைச்சுக் கனகாலம்" என்று நீ சிரித்தாய். விசாரிக்க வந்த பொலிஸ் பெண் என் வீட்டுச் சோபாவில் இருந்து, எதற்கு உனக்குத் துவக்கு என்று கேட்டாள். நான் பண்ணைக்காரியின் அப்பிள் கன்றில் தொடங்கி மானுக்கு வரக் கனநேரம் எடுத்தது. என் மனுசி பயத்தில் ரோல்ஸ் தட்டை நீட்டிக்கொண்டே நின்றாள். அந்தப் பெண் நாலு ரோல்ஸ் தின்றாள். சேர்ட்டிபிக்கட் வந்தது.

ஒரு துவக்கு, இரண்டு பேரின் சேர்ட்டிபிக்கட்டிலும் பதிவு. உன்னுடையது குரோய்டனில் மூன்றாம் மாடிப் பிளாட், என்னுடையது சட்டனில் தனி வீடு. ஆகவே இரும்பு அலுமாரி என் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே. அன்றிலிருந்து அந்தத் துவக்கை வீட்டிலிருந்து வானுக்கும் வானிலிருந்து வீட்டுக்கும் தூக்குவது என் வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்.

நீ என்னை இந்த றேஞ்சுக்குக் கொண்டுவந்த முதல் நாள் நான் நூறு யார்டில் இருந்த இலக்குக் கடதாசியையே தவறவிட்டேன். அது அந்தத் துவக்கின் முதல் நாளும்கூட. ஸ்கோப்பை அப்போதுதான் பூட்டியிருந்தாய். கண்ணாடிக்குள் தெரிகிற சிலுவைக்கோடும் ரவை போய் விழுகிற இடமும் ஒன்றாக வரும்வரை திருத்த வேண்டும், விசயம் அவ்வளவுதான் என்றாய். மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு. ஒரு கிளிக் திருப்பினால் நூறு மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் நகரும். நான் ஒவ்வொரு வெடிக்கும் எழும்பி, ஐயோ இடப்பக்கம், ஐயோ மேலே என்று திருகப் போக, நீ என் கையில் தட்டினாய். "ஒரு ஓட்டையை நம்பாத. மூண்டு ஓட்டையும் சேந்து சொல்லுறதைக் கேள்."

மூன்றும் சிதறிக் கிடந்தால் சுடுகிறவனின் கை பிழை. மூன்றும் ஒட்டி நின்று, ஆனால் இடம் மாறி நின்றால் கை சரி, ஸ்கோப் பிழை. இதை நீ எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாய். வானில் என்னிடம், றேஞ்சில் தும்முகிற வெள்ளைக்காரனிடம், வீட்டில் சோறு தின்னும்போது உன் மனுசியிடம். அவள் பாவம், கறிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நிற்பாள்.

நூறில் ஒட்டியபிறகு இருநூறு. பிறகு முந்நூறு. நூறில் கண்ணுக்குத் தெரியாத பிழை முந்நூறில் மூன்று மடங்காக வந்து முன்னால் நிற்கும், அதற்காகத்தான் தூரத்தில் பழக வேண்டும், தூரத்தில் கொல்வதற்காக இல்லை என்பாய். "கடதாசிக்கு முந்நூறு, மானுக்கு நூற்றைம்பது." நான் யார்டில் சொல்ல நீ மீற்றரில் சொல்வாய். நான் வேண்டுமென்றே இஞ்சிக் கணக்கில் சொல்ல, உனக்கு விசர் வரும். "இந்த நாட்டில முப்பது வருசம் இருந்து இஞ்சியைத்தான் படிச்சனியோ? சென்ரிமீற்றரில சொல்லு." உன்னை விசராக்கவே நான் கடைசிவரை சென்ரிமீற்றரில் சொன்னதில்லை.

உனக்கு இரண்டு சட்டம் இருந்தது. துவக்கு எங்கேயாவது இடிபட்டால், முதலில் கடதாசி, பிறகுதான் காடு. துவக்கைத் தூக்கினால் கையில் வேறொன்றும் இருக்கக்கூடாது. இரண்டையும் நான் ஒரே காலையில் உடைத்தேன்.

அது இரண்டு வருசத்துக்கு முந்தின தை மாதம், சனிக்கிழமை. ஆறரை மணிக்கு நீ றோட்டில் வானை ஸ்ராட் பண்ணி வைத்திருந்தாய். எங்கள் வீட்டு வாசலில் மூன்று சீமெந்துப் படி இருக்கிறதல்லவா, இரவு உறைந்து கண்ணாடிபோல் கிடந்தது. எனக்கு வலது தோளில் துவக்குப் பை, இடது கையில் சாப்பாட்டுப் பெட்டி. மனுசி அஞ்சு மணிக்கு எழும்பி அவித்த புட்டும் முட்டைப் பொரியலும். இரண்டு நடை நடந்திருக்கலாம். குளிருக்குப் பஞ்சிப்பட்டு ஒரே நடையில் இறங்கினேன். இரண்டாவது படியில் கால் வழுக்கியது.

அந்த நேரத்தில் மனிதன் யோசிக்கிறதில்லை, கைதான் யோசிக்கிறது. என் இரண்டு கையும் சேர்ந்து சாப்பாட்டுப் பெட்டியைப் பிடித்தது. தோளில் இருந்த துவக்கு கழன்று சீமெந்தில் விழுந்தது. எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன் மச்சான். ஊரில் அகதி முகாமில் வரிசையில் நின்று வாங்கிய சோற்றுப் பார்சலை ஒருமுறை மண்ணில் கொட்டிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அன்றிலிருந்து என் கை சாப்பாட்டை விடாது. ஆயிரத்தைந்நூறு பவுண் துவக்கை விடும், புட்டை விடாது. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது.

பையைத் திறந்து பார்த்தேன். ஸ்கோப்பின் பக்கத் திருகில் வெள்ளையாக ஒரு கீறல். மற்றபடி ஒன்றும் இல்லை. நீ ஹோன் அடித்தாய். என் சட்டைப்பையில் வயருக்கு அடையாளம் போடுகிற கறுப்பு மார்க்கர் இருந்தது. கீறலின் மேல் பூசினேன். சொன்னால் நீ பயணத்தை நிறுத்துவாய், றேஞ்சுக்குத் திருப்புவாய். பண்ணைக்காரி காத்துக்கொண்டிருந்தாள், நீ அந்தக் கிழமை முழுக்க அதையே கதைத்துக்கொண்டிருந்தாய். அதைவிட உண்மை, கையில் வேறு சாமான் வைத்துக்கொண்டு தூக்கினேன் என்று உன்னிடம் ஏச்சு வாங்கப் பயம். ஒரு கீறல்தானே என்று என்னையே சமாளித்துக்கொண்டு வானில் ஏறினேன். "என்ன மூஞ்சி வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டாய். குளிர் என்றேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். ஆனால் நீ அறியாத பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தோட்டத்துக்கு மேலே உள்ள வரம்பில் நீ படுத்தாய். மான் கீழே, வேலியோரம், தலை வலப்பக்கமாக நின்றது. பின்னால் மேடு, சுடப் பாதுகாப்பான இடம். நான் தூரம் அளக்கும் கருவியில் பார்த்து நூற்றெண்பது என்றேன். நூற்றைம்பதுக்கு மேல் நீ ஒருநாளும் மானைச் சுட்டதில்லை. ஆனால் அந்த மார்கழி முழுக்க இருநூறில் மூன்று ஓட்டையையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடலாம்போல் சுட்டுக்கொண்டிருந்தாய். "ஏலும்" என்றாய். காலுறையைப் பிடிக்குக் கீழே வைத்து அமுக்கினாய். அப்போது நான் வாயைத் திறந்தேன். உண்மையாகத் திறந்தேன். துவக்கு விழுந்தது என்று மூன்று சொல்கூட இல்லை. நீ மூச்சை விட்டுக்கொண்டிருந்தாய், உன் மூச்சைக் குழப்பக்கூடாது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லி மூடிக்கொண்டேன்.

மான் விழவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு ஓடியது.

இரத்தத்தைத் தொட்டுப் பார்த்து, "கறுப்பாக் கிடக்கு, வயித்தில பட்டிட்டுது" என்றாய். உன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. நோர்வே என்றால் இதற்கென்று பழக்கின நாயைக் கூப்பிடுவார்கள், இங்கே நீயே முழங்காலில் முள்ளுப் பற்றைக்குள் போனாய். இரண்டரை மணித்தியாலம். முகமெல்லாம் கீறல். நான் பின்னால் நடந்தேன், ஒவ்வொரு பற்றைக்கும் கடவுளே கிடைக்கட்டும் என்று. கிடைத்தபோது அது உயிரோடு எங்களைப் பார்த்தது. ஐந்து மீற்றரில் நின்று முடித்தாய். ஐந்து மீற்றரில் ஸ்கோப்பின் பிழை தெரியாது. பிறகு அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு ஈர நிலத்தில் இருந்தாய். அந்தக் கை நடுங்கியது. குளிரில், பசியில், இரண்டரை மணித்தியாலம் முள்ளுக்குள் ஊர்ந்த ஆருடைய கைதான் நடுங்காது. நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். புட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உன் சட்டப்படி அடுத்தது கடதாசி. உனக்கு அந்தக் கிழமை சவுத்தாலில் ஒரு கோயில் மண்டபத்தில் பொயிலர் வேலை. "நீ கொண்டுபோய்ப் பார். ஸ்கோப்போ நானோ எண்டு தெரியோணும்" என்றாய். செவ்வாய்க்கிழமை நான் தனியாக வந்தேன். இதே றேஞ்ச், இதே மேசை. நூறு மீற்றரில் மூன்று வெடி. நடந்துபோய்க் கடதாசியைப் பார்த்தேன். மூன்றும் ஒட்டி நின்றன. எனக்கே அவ்வளவு ஒட்டி வந்திருந்தது. நடுவிலிருந்து இடப்பக்கம் ஏழு சென்ரிமீற்றர். நூற்றெண்பதில் அது அரைச் சாணுக்கு மேலே. தலை வலப்பக்கம் இருந்த மானுக்கு இடப்பக்கம் என்றால் வயிறு.

நான் அந்த இடத்திலேயே உனக்கு ரெலிபோன் எடுத்திருக்க வேண்டும். மேசைக்குத் திரும்பி வந்து, பக்கத் திருகின் மூடியைக் கழற்றி, ஏழு கிளிக் திருப்பினேன். ஒவ்வொரு கிளிக்கும் கேட்டது. மறுபடி மூன்று, நடுவில். பிறகு உனக்கு மெசேச் போட்டேன். "சரியா இருக்கு."

அது பொய்யும் இல்லை பார், அந்த நிமிசத்தில் சரியாகத்தான் இருந்தது. அப்படி எல்லாம் என்னால் யோசிக்க முடிந்தது. உன் பதில் ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது. "ஓம். அப்ப நான்தான்."

அதற்குப்பிறகு நீ ஒரு வெடிகூட வைக்கவில்லை. நான் கூப்பிட்டால் றேஞ்சுக்கு வருவாய், தொலைநோக்கிக்குப் பின்னால் கதிரையைப் போட்டு என் ஓட்டைகளை எண்ணிச் சொல்வாய். இடைக்கிடை முழங்காலில் கையை விரித்து வைத்து அதையே பார்ப்பாய், அது ஆருடைய கையோ என்பது போல. ஒவ்வொரு தரமும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று வருவேன். நாள் போகப் போக விசயம் பெரிதாகிவிட்டது. முதலில் துவக்கு விழுந்ததை மறைத்தவன். பிறகு கடதாசியை மறைத்தவன். பிறகு உன்னைக் கதிரையில் இருத்திவிட்டு நீ ஸ்கோப் பூட்டின துவக்கால் சுடுகிறவன். சொன்னால் உன் முகம் என்னவாகும் என்று நினைத்து, அடுத்த ரவையை ஏற்றுவேன். வீட்டில் என் மனுசிக்குக்கூடச் சொல்லவில்லை.

ஐப்பசியில் உனக்கு வயிற்று நோ. கணையம் என்றார்கள். மாசிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வார்ட்டில் நீ படுத்திருக்கும்போது நான் பதினொரு தரம் வந்தேன். கடைசிக்கு முதல் தரம், நீயாகத்தான் அந்தக் கதையை எடுத்தாய். "அந்தக் கடைசி மான்தான் மச்சான் மனதில கிடக்கு. நான் ஏலாத கையை வைச்சுக்கொண்டு அதை நோகப்பண்ணிப்போட்டன்." நான் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டேன். "டேய், அது..." என்று தொடங்கினேன். தேத்தண்ணி வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து, சீனி போடவா என்று கேட்டாள். அவள் வந்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் போனபிறகு நீ நித்திரையாகிவிட்டாய். நான் உன் தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நீ போய்விட்டாய், இனி ஆருக்கு என்ன என்றுதான் இருந்தேன். அப்படி விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மனுசி கூப்பிட்டாள். ஒரு வருசம் முடிகிற ஆட்டைத் திவசம் வருகிறது, உன் வேட்டைச் சாமான்களை எடுத்துக்கொண்டு போங்கோ அண்ணை, வைத்துப் பார்க்க ஏலாமல் இருக்கு என்று. போனேன். பச்சைச் சட்டை, காது மூடி, இந்தக் காலுறை. எல்லாவற்றையும் பையில் போட்டுத் தந்துவிட்டு அவள் கதவடியில் நின்றாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு மான் சுடேக்க அவருக்குக் கை நடுங்கினது எண்டு சொன்னவர். அதுதான் வருத்தத்தின்ர முதல் அடையாளமோ?"

நான் பையின் வாரைத் தோளில் மாட்டினேன்.

"டொக்டர் சொன்னவர், ஆறு மாசம் முந்தி வந்திருந்தா ஏதாவது செய்திருக்கலாம் எண்டு. தையிலயே கை நடுங்கியிருக்கு. நான் வயசு போகுதுதானே எண்டு விட்டிட்டன். அப்பவே கூட்டிக்கொண்டு போயிருக்கோணும். இரவில அதுதான் அண்ணை யோசினை. நான்தான் கவனிக்கேல்லை."

மச்சான், நான் கதவைத் திறந்து படியிறங்கி வந்துவிட்டேன். மூன்றாம் மாடியிலிருந்து லிப்ற் எடுக்காமல் இறங்கினேன். என் ஏழு கிளிக் உன்னோடு முடியவில்லை, உன் வீட்டுக்குள் போய் அவளைத் தின்றுகொண்டிருக்கிறது. நடுங்காத கைக்காக ஒருத்தி தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இரும்பு அலுமாரியில், ரவைப் பெட்டிகளுக்குக் கீழே, அந்தக் கடதாசியை நான் மடித்து வைத்திருந்தேன். ஏன் எறியவில்லை என்று தெரியாது. எறியவும் பயமாக இருந்திருக்கும். வியாழக்கிழமை வேலை முடிய அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் விரித்து, முதல் படியிலிருந்து மெசேச் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். புட்டுப் பெட்டியையும் சொன்னேன். மார்க்கரையும் சொன்னேன். அவள் மூன்று ஓட்டையின் மேலும் விரலை வைத்துத் தடவினாள்.

"ஒட்டி நிக்குது" என்றாள்.

"ஓம்."

"ஒட்டி நிண்டா ஸ்கோப். சிதறினாத்தான் கை."

ஓம் என்று தலையாட்டினேன். கறிச்சட்டியோடு நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டுத்தான் இருந்திருக்கிறாள்.

"அப்ப அவருக்குக் கை நடுங்கேல்லை."

"இல்லைத் தங்கச்சி. சுடேக்க நடுங்கேல்லை. பிறகு அந்த மானைத் தேடிக் களைச்சுத்தான் நடுங்கினது."

எழும்பிக் குசினிக்குள் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கனநேரம் கேட்டது. கேத்தில் போடுகிற சத்தம் கேட்கவில்லை. இத்தனை வருசத்தில் உன் வீட்டில் தேத்தண்ணி தராமல் என்னை விட்ட முதல் நாள் அது. திரும்பி வந்து கடதாசியை மடித்துத் தன் கையில் எடுத்தாள். இது என்னட்டை இருக்கட்டும் என்றாள்.

"அண்ணை, இதை நீங்கள் அவருக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"எனக்குச் சொல்லிப்போட்டு இறக்கி வைச்சிட்டுப் போகலாம் எண்டு வந்திருக்கிறியள். நான் அதுக்கு ஆள் இல்லை. அவருக்குச் சொல்லுங்கோ. எப்பிடிச் சொல்லுவியளோ எனக்குத் தெரியாது. சொல்லிப்போட்டுத் திவசத்துக்கு வாங்கோ."

அதற்குத்தான் இன்று இங்கே வந்தேன். வீட்டில் இருந்து எழுத ஏலாது, உன்னிடம் ஏதாவது சொல்வதென்றால் எனக்கு இந்த இடம்தான். காலையில் படியால் இறங்கும்போது இரண்டு கையாலும் துவக்கை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். திரும்பிப் போய்ச் சாப்பாட்டை எடுத்தேன். இரண்டு வருசமாக அப்படித்தான், உனக்குக் காட்டக் கிடைக்கவில்லை. பண்ணைக்கு நான் இன்னும் போகவில்லை. மாசத்தில் இரண்டு தரம் இங்கே வந்து, சரியாக இருக்கிறதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டுப் போகிறேன். றேஞ்சைப் பார்க்கிற கிழவன், உன்னுடைய ஸ்கோப் சரி, நீதான் பிழையாகக் கிடக்கிறாய் என்று பகிடி விடுகிறான்.

நீ என்னை மன்னிப்பாயா என்று கேட்கவில்லை. கேட்டால் நீ "விடடா" என்பாய், அது எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்க உரிமை இல்லை. நீ சுட்ட அந்த வெடி சரியான வெடி. நீ வைத்த இடத்துக்குத்தான் அது போயிருக்கும், நான் விடவில்லை. உன் கை கடைசிவரை நல்ல கை.

இனி நான் கதைக்கிற மாதிரியே சொல்லுறன் மச்சான், எழுத்துத் தமிழில ஒளிச்சுக்கொண்டு நிக்க விருப்பமில்லை. இண்டைக்குக் காலமை உன்ர காலுறையில வைச்சு மூண்டு வெடி வைச்சனான். இருநூறு யார்டு, உன்ர கணக்கில நூற்றெண்பத்திமூண்டு மீற்றர். வழக்கமா வாங்கிற ரவை கடையில இல்லை, வேற பெட்டி; ரவை மாறினா ஓட்டையின்ர இடமும் மாறும். நடந்துபோய்ப் பாத்தன். மூண்டும் ஒட்டித்தான் நிக்குது. ஆனா நடுவில இல்லை. வலப்பக்கம் நாலு சென்ரிமீற்றர்.

ரெண்டு கிளிக். ஒரு நிமிசத்து வேலை. நான் இன்னும் திருகைத் தொடேல்லை. முதல் உனக்குச் சொல்லிப்போட்டுப் போய்த் தொடுவம் எண்டு வானுக்குள்ள வந்து இருக்கிறன்.

துவக்கு சரியா இல்லை, மச்சான்.